சிரிப்புக் கம்பெனியும் சிடுசிடு கம்பெனியும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஆசிரியர் கூப்பிட்டார். எங்கள் நுகர்வோர் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளை ஒப்பிட வேண்டுமாம். பொருளை அல்ல. பொருள் கெட்டுப்போனால் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள், வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள், இந்த இரண்டும்தான். இரண்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். நான் கேட்ட மூன்று நாள் விடுப்பு என்ன ஆயிற்று என்றேன். “முதல்ல இதை முடிங்க. பணியிடத்துல மனுஷனை மனுஷனா நடத்தணும்னு நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார்.

மாலை மனைவி வந்தாள். கைப்பையை வைத்தாள், தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், தட்டை எடுத்தாள். பகல் முழுக்க டெலிபோனில் பேசும் வேலை. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காக, ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தின் வழியாக. எந்தக் கம்பெனி என்று வெளியே சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். நானும் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும்போது அவளிடம் வார்த்தை எதுவும் மிச்சமிருக்காது. எங்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் சைகைதான்.

மார்ச் 5, வியாழன்

முதல் கம்பெனிக்குப் போனேன். இதழ் வரும்வரை பெயரை எங்கேயும் எழுதக்கூடாதென்று ஆசிரியர் உத்தரவு. எனவே இங்கே இது சிரிப்புக் கம்பெனி.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே செடிகள், கூடத்தின் நடுவில் ஒரு ஊஞ்சல், சுவர் முழுக்க ஊழியர்கள் சிரிக்கும் படங்கள். சுற்றிக் காட்டிய பெண்ணுக்குப் பதவியே மகிழ்ச்சி அதிகாரி. மகிழ்ச்சி இல்லாதவர்கள் வந்து சொல்வதற்குத் தனியறை இருக்கிறதாம். யாராவது வந்தார்களா என்றேன். இதுவரை இல்லையாம். அதன் சாவி அவரிடம்தான் இருக்கிறதாம்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எந்த மாடியில் என்று கேட்டேன்.

“அவங்க வேற இடத்துல இருக்காங்க சார். ஆனா மனசளவுல எங்ககூடத்தான் இருக்காங்க.”

எங்கள் புகைப்படக்காரர் என்னை ஊஞ்சலில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது கம்பெனி. சிடுசிடு கம்பெனி.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க மாடி ஏறினால், சேவைப் பிரிவு மேலாளர் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிறுத்தவில்லை. திட்டி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். “பத்திரிகையா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் உடைஞ்சது.”

டெலிபோன் எடுப்பவர்களும் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் நாற்காலியோடு திரும்பி மெக்கானிக்கைக் கேட்கிறார்கள். அவர் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்.

ஊழியர் மன நலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று மேலாளரைக் கேட்டேன். அப்படியென்றால் என்ன என்றார். ஓர் ஊழியரைத் தனியாகப் பிடித்துக் கேட்டபோது, “திட்டுவாரு சார். திட்டிட்டு லீவு குடுத்துருவாரு” என்றார். ஆறு மணி ஆனதும் மேலாளர் எழுந்து விளக்குகளை அணைத்துக்கொண்டே போனார். வீடு வாசல் இல்லையா உங்களுக்கெல்லாம் என்று அதற்கும் ஒரு திட்டு.

கலாச்சாரம்: பத்துக்கு இரண்டு. என் கையிலிருந்த அட்டவணையில் ஊஞ்சலுக்குக் கட்டம் இருந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் 11, புதன்

வாடிக்கையாளர் வேடம் கட்டி சிடுசிடு கம்பெனிக்கு டெலிபோன் செய்தேன். சோதனைக்காக மானிட்டர் கேபிளைத் தளர்த்தி வைத்திருந்தோம். எடுத்தவர், “வயரை ஆட்டாதீங்க சார், அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? அவ்வளவுதான்” என்று வைத்துவிட்டார். அடுப்பில் வைத்த பால் பொங்கியிருக்காது, அதற்குள் சரியாகிவிட்டது.

கனிவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று சிரிப்புக் கம்பெனியின் முறை. ஒன்றும் தெரியாத வயதானவராக, கரகரத்த குரலில், நடுநடுவே இருமிக்கொண்டு பேச வேண்டும் என்பது ஆசிரியரின் யோசனை. ஒன்றும் தெரியாதவர் என்பது எனக்குக் கஷ்டமான வேடமில்லை. பாட்டு முடிந்து லைன் கிடைத்தது.

“வணக்கம் சார், இனியா பேசுறேன். உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?”

இனியா என்று எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் என் மனைவியுடையது!

வைத்துவிடலாமா? வைத்திருக்க வேண்டும். ஏன் வைக்கவில்லை? அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று — அதனால்தான். இருமினேன். திரை கறுப்பாக இருக்கிறதம்மா என்றேன்.

“அவசரமே இல்ல சார், மெதுவா பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

என்னிடம் இப்படி யாராவது பேசி எத்தனை நாளாயிற்று. மேசைக்கு அடியில் போகச் சொன்னாள், போனேன். எல்லா வயரையும் கழற்றச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதச் சொன்னாள். எழுதினேன். தூசி துடைக்கச் சொன்னாள். இயந்திரத்தின் முதுகில் பொடி எழுத்தில் இருந்த எண்ணை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். என்ன சிரத்தை என்று மேசைக்கு அடியில் மண்டியிட்டபடியே வியந்துகொண்டிருந்தேன்.

நடுவில் கேட்டாள், “உதவிக்கு வீட்டுல வேற யாரும் இல்லையா சார்?”

“மனைவி இருக்கா. வேலைக்குப் போயிருக்கா.”

“அவங்க வந்ததும் கேக்கலாமே?”

“வந்தா பேசமாட்டா” — வாயில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “பாவம் சார், களைச்சுப் போய் வருவாங்க” என்றாள். அதன் பிறகு மானிட்டர் கேபிளை அமுக்கச் சொன்னாள். திரை வந்தது. எனக்குத்தான் அதில் சந்தோஷமே இல்லை.

மாலை வழக்கம்போல வந்தாள், தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சாப்பிடும்போது ஒரே ஒரு வாக்கியம். “இன்னிக்கு ஒரு பெரியவர் என் உயிரை வாங்கிட்டாரு.”

எனக்குப் புரையேறியது. தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

மார்ச் 13, வெள்ளி

சிரிப்புக் கம்பெனி, சேவை: பத்துக்கு ஒன்பதரை. அரை மதிப்பெண் ஏன் குறைத்தீர்கள் என்றார் ஆசிரியர். கணவன் என்ற முறையில் ஒரு கண்டிப்பு வேண்டாமா? — இதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஓர் அழைப்பு இத்தனை நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறதாம். போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் அதைப்போல் நான்கு மடங்கு பேசிவிட்டாளாம். எச்சரிக்கை வந்திருக்கிறது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும்.

சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவர் நான்தான் என்றேன்.

“தெரியும்.”

“எப்ப தெரிஞ்சது?”

“ஹலோன்னீங்களே, அப்பவே.”

“அப்புறம் ஏன் கட் பண்ணல?”

“கஸ்டமர் லைன்ல இருக்கும்போது நாங்களா வைக்கக்கூடாது.”

ஒரு வயரை அமுக்குவதற்கு அத்தனை வயரிலும் ஏன் சீட்டு ஒட்டவைத்தாள்? அதையும் கேட்டேன்.

“கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொன்னதை மறுபேச்சு இல்லாம நீங்க செஞ்சது அன்னிக்குத்தான். விட மனசு வரல.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. இரண்டு வருடமாக அந்த வேலைக்குப் போகிறாள், ஒரு நாளாவது எப்படி இருந்தது என்று நான் கேட்டதுண்டா என்றாள். நீதான் வெளியே சொல்லக்கூடாது என்றாயே என்றேன்.

“கம்பெனி பேரைத்தான் சொல்லக்கூடாது. மத்ததைச் சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

எழுந்து போய் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தேன்.

மார்ச் 18, புதன்

ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். மதிப்பெண் போட்டது என் மனைவிக்கு, அந்தச் சோதனையை வேறு யாராவது திரும்பச் செய்யட்டும் என்றேன். பக்கம் அச்சுக்குப் போய்விட்டதாம். உங்கள் வீட்டம்மா நன்றாகப் பேசுவது பத்திரிகை தர்மத்துக்கு எப்படி விரோதமாகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சரி, இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர்கள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கால் வைத்ததுகூட இல்லை, கம்பெனியின் ஊழியர் கணக்கிலேயே அவர்கள் வரவில்லை என்று ஒரு வரியாவது சேருங்கள் என்று கெஞ்சினேன். சேர்த்தார். மாலைக்குள் இடமில்லையென்று எடுத்தும் விட்டார். அந்த இடத்தில் நான் ஊஞ்சலாடும் படம்.

ஏப்ரல் 1, புதன்

இதழ் வந்துவிட்டது. இரண்டிலும் சிரிப்புக் கம்பெனிக்கே முதலிடம்.

சிடுசிடு மேலாளர் டெலிபோனில் பிடித்துக்கொண்டார். “கலாச்சாரத்துக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க. அந்த ரெண்டு எதுக்குன்னு சொல்லுங்க, அதையும் நிறுத்திடறேன்.”

ஏப்ரல் 8, புதன்

முதலிடம் வந்ததற்குக் கண்ணாடிக் கட்டடத்தில் கேக் வெட்டியிருக்கிறார்கள். மனைவியின் குழுவுக்கு அந்தக் கேக்கின் புகைப்படம் மெயிலில் வந்ததாம். கேக் பார்க்க நன்றாக இருந்தது என்றாள்.

இப்போதெல்லாம் தினமும் ஏதாவது கேட்கிறேன். ஒரு வரி, இரண்டு வரி பதில் வருகிறது. அதற்கு மேல் தொண்டை இடம் தருவதில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

இவ்வளவு சிறந்த சேவை எந்நேரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று சிரிப்புக் கம்பெனி முடிவு செய்திருக்கிறது. அதனால் இனி மனிதர்கள் பேசப்போவதில்லை, இயந்திரக் குரல் பேசும். மாதக் கடைசியோடு குழுவைக் கலைக்கிறார்கள். மகிழ்ச்சி அதிகாரி முதல்முறையாக அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்து, சிரிக்கும் முகம் போட்ட சட்டைப் பின் ஒன்றை ஆளுக்கொன்றாகக் குத்திவிட்டுப் போனாராம்.

இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முன்மாதிரி அழைப்பு ஒன்றையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இனியாவும் ஒரு பெரியவரும் பேசியது. எந்த அழைப்புக்கு எச்சரிக்கை கொடுத்தார்களோ, அதே அழைப்பு.

“உங்க இருமலையும் சேத்துதான் எடுத்துக்கிட்டாங்களாம்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் என்னால் ஏதாவது சொல்லியிருக்க முடியும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அவள் நன்றாக வேலை செய்தாள், நான் அதை ஊருக்கெல்லாம் சொன்னேன், அவளுக்கு வேலை போய்விட்டது. இதற்குப் பத்துக்கு எத்தனை போடுவது?

ஏப்ரல் 27, திங்கள்

சிடுசிடு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவளே விசாரித்துக்கொண்டு கிளம்பினாள். அங்கே வேண்டாம், அந்த மேலாளர் வாயைத் திறந்தால் திட்டுதான் என்று தடுத்துப் பார்த்தேன்.

“நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் போறேன். ஆறு மணிக்கு விளக்கை அணைக்கிறாரு, அது ஒரு குறைன்னு எழுதியிருக்கீங்களே.”

மத்தியானம் திரும்பி வந்து, நேர்காணலில் நடந்ததை உட்கார்ந்து சொன்னாள். எங்கள் கம்பெனியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். பத்திரிகையில் படித்தேன், பத்துக்கு இரண்டு என்றிருக்கிறாள். அதை எழுதியவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று அவர் பல்லைக் கடித்திருக்கிறார். எழுதியது என் வீட்டுக்காரர்தான் என்று இவள் சொல்லிவிட்டாள்.

விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாராம். “வர்ற திங்கக்கிழமை வந்துருங்கம்மா. அவரைக் கூட்டிட்டு வராதீங்க.”

மே 6, புதன்

சேர்ந்து மூன்றாம் நாள், திட்டு வாங்கியாயிற்று. அவள் சொன்னதைப் பார்த்தால் மேலாளர் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். பிறகு மத்தியானம், முகம் வாடியிருக்கிறதே, வீட்டுக்குப் போய்த் தொலையேன் என்று அதற்கும் ஒரு திட்டு. அங்கே இனியா என்றெல்லாம் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டாம். சொந்தப் பெயரிலேயே டெலிபோன் எடுக்கிறாள்.

மே 15, வெள்ளி

இன்று வீட்டில் பெரிய சண்டை.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டாள். கட்டிலில் ஈரத்துண்டு கிடந்தது. அங்கேதான் ஆரம்பம். துண்டிலிருந்து அலமாரிக்குப் போனது, அலமாரியிலிருந்து அவள் தம்பி கல்யாணத்தில் நான் பந்தியில் சொன்ன ஒரு வார்த்தைக்கு. அந்த வார்த்தை எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் அப்படியே, நான் சொன்ன தொனியிலேயே சொல்லிக் காட்டினாள். நானும் விடவில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

இரண்டு வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வரிசையாக வந்தது. பலதும் நியாயம். ஒன்றிரண்டுக்கு என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்லவும் சொன்னேன். அவள் குரல் எங்கேயும் கம்மவில்லை, உடையவில்லை. கணீரென்று இருந்தது.

முடிந்துவிட்டதென்று நினைத்தேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

“எங்க எழுந்துட்டீங்க? நான் இன்னும் முடிக்கல.”

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.