அக்காவின் சளி டப்பா

ஜூலை 8, திங்கள்

யமுனா அக்கா துப்பிவிட்டு வாஷ்பேசினைக் கழுவாமல் போய்விட்டாள். பச்சை கலந்த மஞ்சள், கொழகொழவென்று. எனக்கு இட்லி இறங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தவள் இப்படி அருவருக்கலாமா? அருவருக்கிறேனே!

ஜூலை 9

புத்தூர் டாக்டரிடம் போனோம். அக்கா இன்ஹேலரைச் சரியாகத்தான் இழுக்கிறாளாம். ஆனாலும் இரண்டு வருடமாக ஆஸ்துமா அடங்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கி, வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். சிலருக்கு மூச்சுக்குழாயில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் கூடும். ஸ்டீராய்டு அவற்றை அடக்கும். சிலருக்குக் கிருமி தங்கிவிடும். அதை விரட்ட நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, அந்தச் சண்டையிலேயே குழாய் புண்ணாகலாம். அதற்கு ஸ்டீராய்டு அவ்வளவாகக் கேட்காது.

"சளியைப் பார்த்துடுவோம். கிருமி இருந்தா வேற வழி இருக்கு. இல்லைன்னா மாத்திரையை நிறுத்த முடியாதும்மா."

அக்கா துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

லேப் தந்த டப்பாவில் எத்தனை பேர் கை பட்டதோ! டெட்டால் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 10

காலையில் அக்கா இருமித் துப்பினாள். டப்பாவைப் பிடித்தது நான். முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

"மூஞ்சிய ஏன்டி... அப்படி வச்சிருக்க? நீதானே... டாக்டராகப் போறவ?"

ஜூலை 13

ரிப்போர்ட் வந்தது. நியூட்ரோபில் ஏராளம். கிருமி வளரவில்லை. டாக்டர் குழம்பினார். மாத்திரையாலும் அந்த அணுக்கள் கூடுமாம். "மாத்திரை தொடரட்டும்."

வெளியே லேப் ஜாஸ்லின் அக்கா கேட்டார்: "டப்பாவக் கழுவுனீங்களா?"

"இல்லைங்க."

வாய் கூசாமல் சொன்னேன். கிருமியைத் தேடும் டப்பாவில் கிருமியைக் கொல்லும் மருந்து! எனக்கு இது தெரியாதா? சளியைவிட நான்தான் அசிங்கம். சீ.

ஜூலை 14

வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா கையை ஓங்கினாள். அக்காவோ சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

"என் சளியக்... குளிப்பாட்டியா அனுப்புன?"

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாளோ?

ஜூலை 15

புது டப்பா. துப்பும்போது என் கட்டைவிரலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. உய்யே! ஆனால் கையை உதறவில்லை. முதலில் மூடியைத் திருகினேன்.

ஜாஸ்லின் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா உங்கக்காவுக்கு ரெண்டு நாள் மிச்சம்" என்றார். சரிதான்.

ஜூலை 18

ஹீமோபிலஸ் என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. "இதுதான் முழுக் காரணம்னு சொல்லமாட்டேன், இதுக்கும் பங்கு இருக்கலாம்" என்று டாக்டர் வேறு மருந்து எழுதினார். மாத்திரையை மெல்லக் குறைப்பாராம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்காவின் துண்டைக் காலால் ஒதுக்கினேன். பார்த்துவிட்டாள். வாசலிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் திட்டிக்கொண்டே துரத்தி வந்தாள். நடுவில் மூச்சு வாங்க ஒரு படியில்கூட நிற்கவில்லை.