தம்பியின் எண்ணைப் போட்டுக்கொண்ட வாரம்

பஃபலோ, வியாழக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சர்ச்சுக்கு நடந்தா போகிறாய்?

ஞாயிற்றுக்கிழமை தம்பி கெண்ட்ரெல்லின் அணி எங்களோடு ஆட வருகிறது. உனக்குத் தெரியாததா, உன் வீட்டுச் சுவர் முழுக்க அவன் படம்தானே! அவனைத் தடுத்துப் பழக எங்கள் ஆட்களுக்கு ஒருவன் அவனைப் போலவே ஓடிப் பந்து பிடிக்க வேண்டும். கோச் அவனுடைய பதினேழாம் எண் சட்டையை என்மேல் எறிந்து, "இந்த வாரம் நீதான்டா உன் தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நாலு வருஷமாக நான் பயிற்சிக்கு மட்டும். ஆட்டத்தன்று எனக்குச் சட்டையே கிடையாது.

ஒரு பந்தைக்கூட விடவில்லை, அம்மா. அவன் பிடித்தால் அறுபதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். என்னைக் காலி நாற்காலிகள்தான் பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தடுக்கப்போகிறவன் டாரியஸ். நேற்று என்னைத் தடுக்கத் திணறிவிட்டு மூச்சிரைக்க வந்தான். "டேய், பந்து வரப்போகுதுன்னா இடது கையுறைய இழுத்துவிடுறியே, அது உன் பழக்கமா, அவன் பழக்கமா?"

சின்ன வயதிலிருந்தே அவன் பழக்கம். என் கை தானாகச் செய்திருக்கிறது.

"அவனோடதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. நீ பின்னிய காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வெண்டைக்காய் ஊறுகாயும் ஒரு ஜாடி.

கையுறையை இழுக்க வேண்டாமென்று தம்பியிடம் சொல்லிவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். கோச் கூப்பிடுகிறார், தபாலில் போட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும்.

உன் மூத்தவன்,
ஆர்னெல்