ஏழாவது விதி

மதினி,

சென்ற வாரம் நம் சங்கத்தின் கோப்போடு விருதுநகர்ப் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் மைப்பெட்டியின் மூடியைத் திறந்தார். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து பத்திரம் பதிய வந்திருந்த ஒரு பெண் தம் பெருவிரலை அதில் ஒற்றித் தாளில் உருட்டினார். பின்னர் விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். அந்த ஊதா மையின் நெடி என் மூக்கில் ஏறியது. நீங்களும் அப்படித்தான் துடைப்பீர்கள். எழுதிக்கொண்டிருந்த படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவில் வந்து நின்றேன். நீங்கள் மறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அன்றுதான் முதன்முதலாக அழுதேன்.

உங்களை மதினி என்று அழைத்தேனே தவிர, நமக்குள் உறவு ஏதும் இல்லை. என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு உங்களுடையது. ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே கொட்டகையில், எதிரெதிரே அமர்ந்து திரி கட்டினோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குமேல் நான் கற்ற தமிழெல்லாம் அச்சகங்கள் கழித்துவிட்ட தாள்களிலிருந்து வந்தது. கம்பெனிக்குப் பொட்டலம் மடிக்க வரும் அந்தத் தாள்களில் திருமண அழைப்பிதழ்களும் ஆண்டு அறிக்கைகளும் பாதி பாதியாக இருக்கும். ‘மாண்பு’, ‘ஆவன’, ‘இதன்வாயிலாக’ போன்ற சொற்களை நான் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதைக் கண்டு நீங்கள் சிரிப்பீர்கள்.

“ஏத்தா, அந்தத் தாள மடிக்கப் போறியா, இல்ல தின்னுட்டுத்தான் மடிப்பியா?”

உங்களுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நம் முடுக்கின் நாற்பது வீடுகளிலும் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அந்தக் குறுகலான சந்துக்கு முகப்பில் ஒரே ஒரு பொதுக்குழாய். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர். எந்த நேரத்தில் வரும் என்பது எவருக்கும் தெரியாது. காலையில் கம்பெனி வண்டி வந்து நிற்கும்போது குழாய் உறுமத் தொடங்கினால் அன்றைக்கு வேலை போயிற்று.

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவு அலுவலர் ஒருநாள் முடுக்கிற்கு வந்தார். நாம் ஒரு குடியிருப்போர் சங்கம் அமைத்து முறையாகப் பதிவு செய்தால், நகராட்சி உள்ளே வரை குழாய் பதித்துத் தரும் என்றார். பள்ளம் தோண்டுவதும், பாதையை மறிக்கும் வாசற்படிகளை அகற்றுவதும், பிறகு குழாயையும் அதையொட்டிய சாக்கடை வாய்க்காலையும் பேணுவதும் நம் பொறுப்பு. இரு தரப்பும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட வேண்டும். மாதிரிக்கு ஒரு விதித்தொகுப்பையும் என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்களோ அன்று மாலையே முதல் வீட்டின் கதவைத் தட்டிவிட்டீர்கள்.

எவரும் எளிதில் இசையவில்லை. முனைவீட்டுப் பெரியவரின் நான்கு சிமென்டுப் படிகள் நினைவிருக்கிறதா? ஆலங்குளம் சிமென்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்தப் படிகளைத் தம் கையாலேயே பூசியவர்.

“எம்படிய இடிச்சுட்டா நான் எப்படிம்மா ஏறி எறங்க?” என்றார்.

“குடத்தத் தூக்கிட்டு எப்படி ஏறுறீக அண்ணே, அப்படித்தான்.”

“குடத்த எம்பொண்டாட்டில்ல தூக்குவா.”

“அப்ப அவுககிட்டயே கேட்டுருவம். ஏ அக்கா, படி வேணுமா, பைப்பு வேணுமா?” என்று நீங்கள் வீட்டுக்குள் குரல் கொடுத்தீர்கள்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “படிய இன்னைக்கே ஒடச்சுருங்க. அந்த மனுசன நான் இடுப்புல வச்சு எறக்கிக்கிடுறேன்.”

பெரியவரே சிரித்துவிட்டார். இப்படி ஒவ்வொரு வாசலாக, ஒரு மாத காலம். கம்பெனி விட்டு வந்து முகம்கூடக் கழுவாமல், அலுமினியப் பொடி அப்பிய கைகளோடு நீங்கள் நடந்தீர்கள். முதலில் இடிபட்டது உங்கள் வீட்டுப் படிதான்.

அதே மாதத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து சங்கத்தின் விதிகளை எழுதினேன். மாதிரித் தொகுப்பின் மொழி எனக்குப் போதவில்லை. என் தாள்களிலிருந்து திரட்டிய சொற்களையெல்லாம் அதில் பதித்தேன். ஏழாவது விதியை நானாகச் சேர்த்தேன். ‘சங்கத்தின் பொறுப்பாளர்கள் கையொப்பமிடும் தகுதியுடையோராய் இருத்தல் வேண்டும்.’ மாதிரியில் அப்படி ஒரு விதி கிடையாது. சங்கத்தின் மதிப்பு உயரும் என்று எண்ணியே எழுதினேன் என எனக்கு நானே பலகாலம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. முடுக்கே உங்களைத் தலைவர் ஆக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். தட்டுத் தடுமாறிக் கற்ற எழுத்துக்கு ஓரிடத்திலாவது முதன்மை கிடைக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியது.

குழாயடியில் கூட்டம் கூடியது. “தலைவர் யாரு?” என்று கேட்குமுன்பே பத்துக் குரல்கள் “மதினிதான்” என்றன. நான் எழுந்து ஏழாவது விதியை வாசித்தேன். நன்றாக, நிறுத்தி, திருத்தமாக வாசித்தேன். நீங்கள் உங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டீர்கள். திரி மருந்து தேய்த்துத் தேய்த்து அந்தப் பெருவிரலில் ரேகையே அழிந்திருந்தது. ரேசன் கடையில் கைநாட்டு வைத்தால் வெறும் திட்டாக விழும். “என்னய எந்தப் போலீசும் பிடிக்க முடியாது” என்று நீங்கள் அதற்கும் சிரிப்பீர்கள். அன்று சிரிக்கவில்லை.

“சரிதானத்தா. தலைவர்னா கையெழுத்துப் போடணும்ல. நீயே இரு” என்றீர்கள்.

என் பெயரை முன்மொழிந்தவரும் நீங்கள்தாம்.

பதிவுக்காக நாமிருவரும் விருதுநகர் போனோம். நான் எழுத்தர் முன் அமர்ந்திருந்தேன். நீங்கள் துணிப்பையோடு வாசலில் நின்றீர்கள். விதிகளைப் புரட்டியவர் ஏழாவதில் நின்றார்.

“இது எதுக்கும்மா? கைநாட்டு வச்சாலே சட்டப்படி செல்லுமே. யாரு இதச் சேக்கச் சொன்னா?”

அப்போதே அந்த ஒரு வரியை அடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். “சங்கத்தின் மாண்பு கருதிச் சேர்த்தோம்” என்றேன். சேர்த்தேன் என்று சொல்லவில்லை, மதினி. சேர்த்தோம் என்றேன். நாற்பது வீடுகளையும், வாசலில் நின்ற உங்களையும் அந்தப் பன்மைக்குள் இழுத்து, அதன் பின்னே நான் ஒளிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது. திரும்பும் பேருந்தில் ஆமத்தூர் தாண்டும்வரை நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பிறகு, “பசிக்கி. எறங்குனதும் காராச்சேவு வாங்கிக் குடு, தலைவரே” என்றீர்கள். அந்தத் ‘தலைவரே’யில் குத்தல் இருந்ததா, அன்பு இருந்ததா என்று இன்றுவரை எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழாய் வந்தது. பள்ளம் தோண்டியவர்களில் மண்வெட்டியைக் கடைசியாகக் கீழே வைத்தவர் நீங்கள். திறப்பு நாளில் நகராட்சியிலிருந்து வந்தவர்கள் என்னை முன்னே நிறுத்தி நிழற்படம் எடுத்தார்கள். அதன் பின்னர் சங்கத்தின் தாள் வேலை எனக்கு, மற்றதெல்லாம் உங்களுக்கு. முறை தவறி மோட்டார் போட்டவனை வழிக்குக் கொண்டுவந்தது நீங்கள். வாய்க்காலில் குப்பை கொட்டிய வீட்டின் முன் துடைப்பத்தோடு போய் நின்றதும் நீங்கள். சண்டை என்றால் முடுக்கு உங்கள் கதவைத்தான் தட்டியது.

“நீ தலைவரு, நான் தலைவலி” என்பீர்கள்.

ஆண்டுதோறும் பொதுக்குழுவில் ஏழாவது விதியை நீக்கிவிட எண்ணுவேன். நீக்கினால் ஏன் நீக்குகிறோம் என்று எவரேனும் கேட்பர். அந்தக் கேள்விக்கு அஞ்சி நான்கு ஆண்டுகளைக் கடத்தினேன். கையெழுத்துக் கற்றுத் தருகிறேன் என்று ஒருமுறை உங்களிடம் சொன்னேன். “எதுக்குத்தா? இப்ப யாரு எங்கிட்ட கேக்கா?” என்று திரி கட்டுவதைத் தொடர்ந்தீர்கள்.

நெஞ்சில் சளி கட்டி அரசு மருத்துவமனையில் நீங்கள் கிடந்த கடைசி வாரத்தில், சொல்லிவிட வேண்டும் என்றே வந்தேன். கட்டிலின் பக்கத்தில் அமர்ந்து, “மதினி, அந்த ஏழாவது விதி…” என்று தொடங்கினேன்.

“இன்னைக்குத் தண்ணி நாளுல்ல? வந்துச்சா?” என்று கேட்டீர்கள்.

“வந்துச்சு மதினி.”

“கடைசி வீடு வரைக்குமா?”

“கடைசி வீடு வரைக்கும்.”

கண்களை மூடிக்கொண்டீர்கள். நான் மீதியைச் சொல்லவில்லை.

இரங்கல் தீர்மானம் எழுத அமர்ந்த அன்றுதான் என் தமிழ் என்னைக் கைவிட்டது. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு எதிரே பொறுப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. என் விதியின்படி அங்கே எழுதக்கூடிய சொல் ஒன்றே ஒன்று: உறுப்பினர். எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் ஏழாவது விதியை நீக்கும் தீர்மானத்தை முன்வைத்தேன். முனைவீட்டுப் பெரியவர், “இத யாரும்மா முதல்ல போட்டது?” என்று கேட்டார். “நான்தான். தேவையே இல்லாமல் போட்டேன். மதினி தலைவராக வரக்கூடாதென்று போட்டேன்” என்றேன். வாயால் சொன்னபோது அது இவ்வளவு சிறிய வாக்கியமாக இருந்தது. பெரியவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நிறைவேறிய அந்தத் தீர்மானத்தைப் பதியத்தான் சென்ற வாரம் விருதுநகர் போனேன். படிவத்தில் ‘திருத்தத்திற்கான காரணம்’ என்ற இடத்தில் என் எழுதுகோல் நின்றது. “நிருவாகக் காரணம்னு போட்டுருங்கம்மா, எல்லாரும் அதான் போடுவாக” என்றார் எழுத்தர். எவ்வளவு வழவழப்பான சொல், மதினி! முன்னொரு நாளில் அதைக் கேட்டிருந்தால் வீடு வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்திருப்பேன். அப்போதுதான் அந்தப் பெண் மைப்பெட்டியருகே வந்தார். நான் எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்து, ‘எழுதியவரின் தவறு’ என்று எழுதினேன்.

நேற்று மீண்டும் கூடினோம். நான் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லி, எழுத்து அறியாதவரும் இனிப் போட்டியிடலாம் என்று அறிவித்தேன். யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். மற்ற முப்பத்தொன்பது வீட்டு ஆட்களும் இருந்தார்கள். எல்லார் பார்வையும் உங்கள் வீட்டுப் பூட்டிய கதவின் பக்கமே போயிற்று. எவரும் கையை உயர்த்தவில்லை. கடைசியில், “நீங்களே இருங்கக்கா” என்றார்கள்.

ஆகவே இன்று காலை நகராட்சிக்குப் போகும் கடிதத்தில் ‘தலைவர்’ என்ற சொல்லுக்கு மேலே மறுபடியும் நானே கையொப்பமிட்டேன், மதினி.