நீதுவின் சாப்பாட்டு நோட்டு

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நீது, நான் மூன்று பேருக்கும் உடம்புக்குச் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பத்மநாபசாமியைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பார், சொல்ல வாய் வராது.

கல்லாறு பக்கத்தில் நம் நீது மாதிரிப் பெண்பிள்ளைகள் தங்கி வேலை பழகும் வீடு ஒன்று உண்டு என்று சொன்னேன் அல்லவா, திங்கட்கிழமை அங்கே போனோம். அடுத்த மாதம் உன் தங்கைக்குப் பதினெட்டு முடிகிறது, குழந்தைகள் சென்டரில் தெரபி அதோடு நின்றுவிடும், எங்கள் காலத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு இடம் வேண்டுமே என்று எவ்வளவு அலைந்தோம். தானாகச் சாப்பிடத் தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் பழக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். தெரபி டீச்சர் ஜெயஷீலா, சாப்பிடுவாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடவும் வந்தாள். தட்டில் சோறும் பருப்பும் வைத்தார்கள். நீது தட்டைத் தொடவே இல்லை, என்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்ப இவளைச் சேர்த்துக்க முடியாதும்மா என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் அப்பா டீச்சரைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு வருஷமா என்னத்தைச் சொல்லிக் குடுத்தே, பொய்யா எழுதி எங்களை நாணங்கெடுத்திட்டியே என்று கத்தினார். நீது வீட்டில் தானாகச் சாப்பிட்ட நாளுக்கெல்லாம் டிக் போடும் நோட்டு அவள் பையில்தான் இருந்தது, அதை நம்பித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், நோட்டை வெளியே எடுக்காமலே பஸ்ஸில் ஏறிவிட்டாள். மக்களே கிருஷ்ணவேணி, அந்த நோட்டில் டிக் போட்டதெல்லாம் நான்தான்.

சென்டரில் ஸ்பூனைக் கையில் பிடித்துக் கொடுத்தால் நீது இரண்டு வாய் எடுப்பாள், மீதியை வீட்டில்தான் பழக்க வேண்டும். தடித்த பிடி வைத்த ஸ்பூன் ஒன்றைக் கொடுத்து, நீங்க கையைக் கட்டிட்டு இருங்கம்மா, அவளா எடுத்துச் சாப்பிட்ட அன்னைக்கு நோட்டில டிக் போடுங்க என்று டீச்சர் சொல்லியிருந்தாள். முதல் வாரம் செய்து பார்த்தேன். வாய்க்குப் போவது கொஞ்சம், மடியில் விழுவது மிச்சம், அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை விட்டு எழுந்து போய்விடுவார். அதனால் அவர் உட்காருவதற்கு முன்பே உருட்டி ஊட்டிவிட்டு டிக் போட்டேன். நாளைக்குப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் போட்டேன். ஸ்பூன் இன்னும் புதுக்கருக்கு மாறாமல் டப்பாவில் கிடக்கிறது.

இன்று மத்தியானம் தட்டை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் அழவில்லை. எழுந்து வந்து, என் கையைப் பிடித்து இழுத்து, சோற்றுக்குள் வைத்தாள். நான் ஊட்டிவிட்டேன். எனக்கு ஐம்பத்தாறு ஆகிறது, நான் போன பிறகு யார் கையைப் பிடித்து இழுப்பாள்? அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டுக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்ததும் நீது சாப்பிட்டாளா என்றுதானே முதலில் கேட்பாய், இந்த வாரம் அதைக் கேட்காதே.

உன் அம்மா,
சிவகாமி