ஓலை வீட்டுக்குச் சொந்தக்காரன்

என் வீட்டு ராணிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ, அம்மா, சின்னவள் எல்லாரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்குத் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார்.

இந்தத் தீவின் பழைய கிராமங்களுக்குப் பயணிகளை ஏற்றிப்போவதில் இப்போது என்னை அடிக்க ஆளில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தைக் கேள். அந்தக் காலத்து மாதிரியில், வருகிறவர்கள் பார்ப்பதற்கென்றே கட்டிய ஓலை வீடு ஒன்று இருக்கிறது. டிரைவர்கள் உள்ளே போகக் கூடாது. வெயில் தாங்காமல் நான் அங்கே உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். முதல் கவளம் எடுப்பதற்குள் வழிகாட்டி இருபது பேரோடு நுழைந்துவிட்டார். மனிதர் அசரவில்லையே!

"இது இவரு வீடுதாங்க. சாப்பிடுறாரு, சத்தம் போடாம பாருங்க" என்றார்.

நானும் பாத்திரத்தைப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஏழு தலைமுறையாக அங்கேயே குடியிருப்பவன்போலச் சப்பணமிட்டேன். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். அந்த இடத்து மேனேஜர்கூடத் திட்டவில்லை, "தினமும் இங்கேயே சாப்பிடுப்பா" என்றுவிட்டார்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் உன் பழைய நூல்புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. தலையணைக்குப் போட. கடைத் துணி கழுத்தில் அரிக்கிறது.

வேனில் ஆள் ஏறிவிட்டார்கள், கிளம்ப வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கு ஓர் அம்மா, "இவர் சம்சாரம் எங்கே?" என்று கேட்டார்.

"தண்ணி எடுக்கப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்றார் வழிகாட்டி, கூசாமல்.

அந்த அம்மா நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன்.

உன்னவன்