சந்தியாவின் வௌவாலும் ருவைஸ் திருக்கையும்

அன்பு மகள் சந்தியாவுக்கு, அப்பா ராக்கப்பன் வளைகுடாவில் ருவைஸ் கேம்பிலிருந்து எழுதுவது. இங்கே சர்க்கரையைத் தவிர எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எந்நேரமும் என் நினைப்பு. எட்டாம் மாதத்திலும் ஆராய்ச்சிக்காகப் பழந்தின்னி வௌவால்களை எண்ணுகிறேன் என்று மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறாயாமே, உன் அம்மா போனில் புலம்புகிறாள். வௌவால் எங்கேயும் போய்விடாது, நீ போய் உட்கார்.

போன வாரம் டூட்டியில் ஒன்று நடந்தது, போனில் சொல்ல வாய் வரவில்லை. பிளாண்டுக்குக் கடல் தண்ணீர் எடுக்கும் இடத்துச் சல்லடையில் ஒரு திருக்கை சிக்கிக்கொண்டது, பாய் அகலம், கறுத்த முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. என்னோடு வேலை பார்க்கும் பாகிஸ்தான்காரன் ஹஸ்னைனும் நானும் வலை போட்டுத் தூக்கும்போது வயிற்றடியிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. குடல் சரிந்துவிட்டது என்று பதறிப்போனேன், பார்த்தால் குட்டி, சுருட்டிய இறக்கையை மெல்ல விரிக்கிறது. இரண்டையும் கடலில் விட்டோம். உன் வௌவால் குட்டியை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டே பறக்கும் என்று எழுதியிருந்தாயே, இதுவும் ஒட்டிக்கொள்ளும் என்று நின்று பார்த்தேன். தாய் ஒரு பக்கம் போனது, குட்டி ஒரு பக்கம். கழியால் குட்டியைத் தாய் பக்கம் தள்ளியும் பார்த்தேன், போகவில்லை. கலாஸ் பாய், யல்லா, முடிந்தது வா என்று ஹஸ்னைன் இழுத்தான், நான் குட்டி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் இறக்கை வீசுகின்றன, இரண்டும் குட்டி போடுகின்றன, ஆனால் வௌவாலுக்குக் கைதான் இறக்கையாக இருக்கிறது என்று நீதானே சொன்னாய். திருக்கைக்கு விரலே இல்லை, அதைக் குறை சொல்ல முடியாது. எனக்கு இரண்டு கையும் இருந்தன மகளே. நீ பிறந்தபோது நான் ஊருக்கு வரவில்லை, இரண்டு வயதில் முதன்முதலாகத் தூக்கியபோது யாரோ என்று வீறிட்டாய், உன்னை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

இதை ஹஸ்னைனிடம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கொருமுறை கிடைக்கும் லீவில் இந்த மாதம் அவன் முறை. மறுநாளே ஆபீசில் என் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டான். நீ போ பாய், என் பிள்ளைகளுக்குக் காத்திருந்து பழக்கம் என்றான். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

இருபதாம் தேதி வருகிறேன், பிரசவம் முடியும்வரை இருப்பேன். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. தாயும் பிள்ளையுமாக நீங்கள் நூறாண்டு இருக்க முருகன் துணை. ஒன்றே ஒன்று, குழந்தை என்னிடம் வந்து அழுதால் உடனே வாங்கிவிடாதே. கொஞ்ச நேரம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ராக்கப்பன்