ஏழு கிலோவுக்குள் ஒரு மலை

செப்டம்பர் 8, திங்கள்

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து அப்படியே மூடி வைத்துவிடுங்கள். முக்கியமாக, அம்மாவிடம் காட்டாதீர்கள். தொலைந்தேன்!

சனிக்கிழமை பள்ளியிலிருந்து மலையேற்றம். இரண்டு இரவு கூடாரத்தில்! கேட்டதும் அம்மா சொன்னாள்: "ராத்திரி பாத்ரூம் போக என்னை எழுப்புறவ நீ. அங்க யாரைடி எழுப்புவ? கரடியையா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சம்மதக் கடிதம் கையெழுத்தில்லாமல் அப்படியே திரும்பி வந்தது. கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மலையில் லைட் கிடையாது. நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. ஆனாலும் போகணும். போயே ஆகணும். கட்டிலுக்கு அடியில் பை கட்ட ஆரம்பித்துவிட்டேன். எனக்கென்ன பைத்தியமா?

செப்டம்பர் 9

மூன்று நாள் துணி, அண்ணனின் மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, டார்ச், தட்டு, டம்ளர், ஆறு ஜோடி சாக்ஸ். அப்புறம் தலையணை. அது இல்லாமல் எப்படித் தூங்குவது?

பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அசல் ஆமை! சிரிப்பு அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மாவின் காலடி. இந்த வீட்டில் யார் கதவைத் தட்டுகிறார்கள்? நேராகத் தள்ளிக்கொண்டு வருவதுதான். பையோடு போர்வைக்குள் பாய்ந்தேன்.

"என்னடி ஆச்சு?"

"குளிருதும்மா."

"இந்த வேக்காட்டுலயா?"

செப்டம்பர் 10

"ஏழு கிலோவைத் தாண்டினா பையும் வராது, ஆளும் வரமுடியாது" என்றார் விளையாட்டு டீச்சர்.

எங்கே போய் நிறுப்பது? அம்மா துணி மடிக்கும் சலவைக் கடையில் தராசு இருக்கிறது. அவள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, பையைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனேன். அழுக்குத் துணியை யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

இஸ்திரி அக்கா தூக்கித் தராசில் வைத்தாள். டங்!

"என்னடி, உங்க வீட்டுத் துணி மணியடிக்குது?"

"பித்தளைப் பொத்தான், அக்கா."

ஒன்பதரை கிலோ! அக்கா வழக்கம்போல எடையைச் சீட்டில் எழுதி மூட்டையில் குத்தினாள். பிடுங்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

அக்கா அம்மாகிட்ட சொல்லிடுவாளா? சொல்லிட்டா?

அதே நாள், படுக்கும் முன்

தலையணையை வெளியே எடுத்தேன். உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே.

செப்டம்பர் 11

பள்ளிவிட்டு வந்து பையை இழுத்தால், லேசாக வந்தது!

நான் சுருட்டித் திணித்த துணியெல்லாம் மூன்றாக மடிந்து, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து கிடக்கிறது. அப்படி மடிக்க ஒருத்தியால்தான் முடியும். தட்டைக் காணோம். டம்ளர் ஒரு சாக்ஸுக்குள் ஒளிந்திருக்கிறது, ஆட்டினால்கூடச் சத்தமில்லை. டார்ச்சை அழுத்தினேன், எரிகிறது! நான் பேட்டரியே போடவில்லை. போடவேண்டும் என்று தோன்றவே இல்லை.

பையின் தோள்வாரில் சலவைக் கடைச் சீட்டு. அம்மாவின் கோணல் எழுத்தில்: 6.8 கிலோ.

பக்கப் பையில் வைத்திருந்த சம்மதக் கடிதத்தைக் காணோம்.

கிழிச்சுட்டாளா? கிழிக்கிறவ எதுக்குத் துணிய மடிக்கணும்? ஒருவேளை கையெழுத்துப் போட

டொக் டொக்.

எங்கள் வீட்டில் கதவைத் தட்டுவதா! யாரது—